ஜுனைதீன் அறுக்காத ஆடு

ஹாலிஎலக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அன்று கரப்பந்தாட்டப் போட்டி. கம்பத்தில் கட்டியிருந்த ஆடு, நடக்கப்போவது தெரியாமல் வலையையே மென்றுகொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் லயங்களில் குடியிருப்போருக்கெல்லாம் கறிச்சோறு. ஆட்டை அறுக்க, சந்தியில் கடை வைத்திருக்கும் ஜுனைதீனைக் கூப்பிடுவது வழக்கம். அவர் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அவர் வீட்டாரும் சேர்ந்து சாப்பிட முடியும். அவர் மகன் றஹீம் அணியின் சூரன். அவன் கையை ஓங்கினாலே எதிரணி பாதி தோற்றுவிடும்.

அந்த 2003ஆம் வருடம் போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் விஜேந்திரனுக்குத் திடீரென்று தமிழ் இன உணர்வு பொங்கியிருந்தது. பதுளையில் யாரோ மைக் பிடித்து முழங்கியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"நமக்கு அவங்க எதுக்கு? ஆடு அறுக்க நமக்குத் தெரியாதா?" என்றான். விருந்து தள்ளிப்போய்விடுமே என்ற பயத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

றஹீம் ஆட்டத்தை வென்று கொடுத்துவிட்டு இலை முன் உட்கார்ந்தான். வாப்பாவைக் காணாமல், ஆட்டை அறுத்தது யார் என்று கேட்டான். பதில் கிடைத்ததும், "பசி இல்ல மச்சான்" என்று எழுந்து போனான். அவன் கையைப் பிடித்து நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அதன்பின் அவன் விளையாட வரவில்லை. வேனில் வந்து கடுமையாக மதம் பேசும் சிலரோடு பண்டாரவளைக்குப் போய்வரத் தொடங்கினான். வீட்டிலும் அவன் சிரிப்பதில்லை, எதற்கெடுத்தாலும் தாயிடம் குற்றம் காண்கிறான் என்று, பருப்பு வாங்கப் போன விஜேந்திரனின் மனைவி கம்சலாவிடம் ஜுனைதீன் கண்கலங்கினார். அவள் வந்து சொன்னதற்கு, எங்கிருந்தோ வர்ற வெறி, அவங்க அப்படித்தான் என்று விஜேந்திரன் கையை உதறிவிட்டான்.

ஒருநாள் ஹாலிஎல தேத்தண்ணிக் கடையில் அவன் உட்கார்ந்திருந்தபோது, முன்மேசையில் றஹீம் முதுகு காட்டி இருந்தான். அந்த வேன்காரர்களில் ஒருவர் தன் ரொட்டியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நமக்கு அவங்க எதுக்கு தம்பி?" என்றார்.

விஜேந்திரன் குடித்த கோப்பையைக் கீழே வைத்தான். அது அவன் சொன்ன சொல். வெட்கத்தில் காது சுட்டது.

தை மாதப் போட்டியன்று காலை, அவன் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு ஜுனைதீன் கடைக்குப் போனான். ஆடு கயிற்றை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்து கறிவேப்பிலைக் கட்டை மேயத் தொடங்கியது. ஜுனைதீன் துரத்த, அது அரிசி மூட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. சத்தம் கேட்டு வந்த றஹீம் கொம்பைப் பிடித்தான். விஜேந்திரன் கயிற்றைப் பிடித்தான். எவ்வளவு அடக்கியும் றஹீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னிக்கு ஒன் கையப் புடிச்சிருக்கணும். நான் புடிக்கல, வேற ஆளு புடிச்சிட்டாரு" என்றான் விஜேந்திரன்.

றஹீம் கயிற்றை வாங்கி ஆட்டை வாப்பாவிடம் கொடுத்தான். கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் மத்தியானம் பந்திக்கு வாப்பாவோடு வந்தான்.

கறி பரிமாறிய கம்சலா, கணவன் இலை முன் நின்றாள்.

"வெறி எங்கிருந்தோ வருதுன்னு இனிமே சொல்லாதீங்க. நாம ஒதுக்குற ஒவ்வொருத்தரையும் சேத்துக்கத்தான் அது காத்துக்கிட்டு இருக்கு. அவங்க பக்கத்துலயும் சரி, நம்ம பக்கத்துலயும் சரி."

சொல்லிவிட்டு, நல்ல துண்டாகப் பார்த்து றஹீமின் இலையில் போட்டாள்.