செம்புக் கெட்டிலில் சூப்

கான் ஏரித் தண்ணீரிலிருந்து ஈசல் போன்ற மே மாதப் பூச்சி எழும்பத் தொடங்கிய வாரம் அது. மீன்கள் அதைத் தின்ன மேலே வரும். மீனைப் பிடிக்க ஆட்கள் வருவார்கள். டப்ளினிலிருந்து வந்திருந்த கார்வி பத்து நாளுக்குப் படகு பேசியிருந்தார். அவர் பத்து நாளும் நிலைத்தால் என்னோட இரண்டாவது படகு உனக்குத்தான் என்று, தன் படகில் துடுப்பு போடும் டெர்வலாவுக்குச் சித்தப்பா மலாக்கி வாக்குக் கொடுத்திருந்தார்.

படகுக் கொட்டகையில் இரண்டு கெட்டில்கள் இருந்தன. அவள் புதிதாக வாங்கிய அலுமினியம் ஒன்று, சித்தப்பாவின் செம்பு ஒன்று. இரண்டும் ஒரே அமைப்புதான். நடுவிலுள்ள புகைபோக்கிக்குள் சுள்ளி எரியும், சுற்றியுள்ள இரட்டைச் சுவருக்கிடையில் தண்ணீர் கொதிக்கும். வாய் மிகச் சிறியது. உள்ளே கை போகாது.

டெர்வலா செம்புக் கெட்டிலின் தக்கையைத் திருகி எடுத்தாள். உள்ளிருந்து அழுகல் வாடை வந்தது. கவிழ்த்தாள். மஞ்சள் கொழுப்பு முதலில் வந்தது. பிறகு கறுப்பாக வழவழவென்று ஏதோ ஒன்று, வர மனமில்லாததுபோல் மெதுவாக வந்தது.

“சித்தப்பா, இதுக்குள்ள என்ன ஊத்துனீங்க?”

“போன செப்டம்பர்ல ஒரு ஆளு குளுருதுன்னான். ஆட்டுக்கறி சூப்பை ஊத்திச் சுட வச்சுக் கொடுத்தேன். அதுக்கென்ன இப்போ?”

“கெட்டில்ல சூப்பா? கழுவவே முடியாதே! அதுவும் தக்கையைப் போட்டு எட்டு மாசமா மூடி வச்சிருக்கீங்க!”

“உன் மூக்கு இருக்கே, அது இங்கிலீஷ்கார ராணி மூக்கு.” அவர் ஒரு பிடி கூழாங்கல்லும் ஏரித் தண்ணீரும் போட்டு மூன்று முறை குலுக்கிக் கொட்டினார். “போச்சு. மிச்சத்தைக் கொதி பாத்துக்கும். உன் அலுமினியத் தகர வாளியைத் தூக்கிக்கிட்டுப் போனா மத்த படகுக்காரனுங்க சிரிப்பானுங்க.”

அவள் மறுபடி முகர்ந்தாள். வாடை குறைந்திருந்தது, போகவில்லை. குறைந்ததே போதுமோ? தான்தான் அதிகம் பார்க்கிறோமோ? ஒரு முடிவுக்கு வர முடியாமல் இரண்டையும் படகில் ஏற்றினாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக மூவரும் ஏரியிலுள்ள ஒரு தீவில் கரையேறினார்கள். மலாக்கி முந்திக்கொண்டு செம்புக் கெட்டிலைப் பற்றவைத்தார். புகைபோக்கி வாயில் தீ உறுமியது. நாலே நிமிடத்தில் கொதி வந்தது.

“பாத்தீங்களா சார்? ஏரியிலயே இதுதான் வேகம்.”

“இந்தக் கெட்டில் பத்தி ஓட்டல்லயே சொன்னாங்கய்யா,” என்றார் கார்வி.

கோப்பையில் விழுந்த தண்ணீரின் மேல் சின்னச் சின்னக் கொழுப்புக் கண்கள் மிதந்தன. மலாக்கி அவசரமாகக் கெட்டித் தேயிலைச் சாற்றை ஊற்றி, பாலை விட்டு மறைத்தார். கார்வி கோப்பையைக் கையில் வாங்கினார்.

டெர்வலா செம்புக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று தண்ணீர் ஓரத்துக்கு நடந்து, மிச்சத்தைக் கொட்டச் சாய்த்தாள்.

“அடியே, அங்க ஊத்தாத! ஒரு மீன் தங்காது!”

உதடு வரை போன கோப்பை நின்றது. “மீன் தங்காதா? ஏன்?”

மலாக்கி தாடையைச் சொறிந்தார்.

“பழைய ஆட்டு சூப் சார், எட்டு மாசம் உள்ளேயே கெடந்துது,” என்றாள் டெர்வலா. “காலையிலேயே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்.”

கார்வி கோப்பையை உற்றுப் பார்த்துவிட்டுக் கல்மேல் வைத்தார். அவள் அலுமினியக் கெட்டிலில் புதிதாகக் கொதிக்கவைத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் பிரித்து வைத்த ரொட்டியையும் தொடவில்லை. அவள் கையையும் மலாக்கியின் கையையும் ஒரே அருவருப்போடுதான் பார்த்தார்.

“என்னைக் கரையில விட்டுடுங்க. நாளைக்கு வேற படகு பாத்துக்கறேன்.”

அவர் படகை நோக்கி நடந்ததும் மலாக்கி காறித் துப்பினார். “போச்சுடி, பத்து நாளும் போச்சு. உன் படகும் போச்சு. திருப்தியா?”

சொல்லிவிட்டு, கார்வி வைத்துப்போன கோப்பையை எடுத்தார். “நல்ல டீயை வீணாக்குறானுங்க.” ஒரே மூச்சில் குடித்தார். உதட்டில் பளபளத்த கொழுப்பை நாக்கால் நக்கி, ஏப்பம் விட்டார்.

டெர்வலா தன் கெட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள். “கரை வரைக்கும்தான் துடுப்பு போடுவேன் சித்தப்பா. நாளைக்கு வேற ஆளப் பாருங்க.”

படகில் அவருக்கு முதுகு காட்டி உட்கார வழி இருக்கிறதா என்று யோசித்தபடி நடந்தாள். படகின் பின்பக்கம் உட்காரும் அவரைப் பார்த்தபடியே துடுப்பு போடுபவளுக்கு அந்த வசதி இல்லை.