இரவுக்கு ஒன்று

என் மாத்திரை தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள் இருந்தது. நான்கு கிழமைக்கென்று கொடுத்தது எப்படி அதற்குள் தீரும் என்று என் புருஷன் நிரோஷனிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரியில கொறச்சுப் போட்டிருப்பாங்க, அவங்களுக்கென்ன?" என்றார். நானும் நம்பிவிட்டேன். மருந்து கொடுக்கும் ஆளை மூன்று நாளும் வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தேன். பாவம், அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை.

பெரிய மருந்தெல்லாம் இல்லை, சின்ன வெள்ளை அஸ்பிரின்தான். போன தடவை ஏழாம் மாதத்தில் எனக்குப் பிரஷர் ஏறி, பிள்ளை வயிற்றுக்குள்ளேயே செத்துப்போனது. அதனால் இந்த முறை மூன்று மாதம் முடிந்ததுமே கிளினிக் டாக்டரம்மா இதை எழுதிக் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கறாரானவர். "பிரஷர் ஏறாமத் தடுக்கத்தான் இது. ஏறினாப் பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. ஒவ்வொரு இரவும் ஒண்டு. விடக்கூடாது," என்று விரலை நீட்டிச் சொன்னார். மாத்திரை தீரும்வரை நான் ஒரு இரவுகூட விடவில்லை.

அன்று மத்தியானம் மிட்வைஃப் ஜீவராணி மிஸ் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். பிரஷர் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது என்றார். வெறும் மாத்திரை உறையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? ராவைக்கு ரெண்டு ரெண்டா போட்டீங்களா தங்கச்சி?"

"சத்தியமா ஒன்னுதான் மிஸ்."

அவர் நம்பவில்லை. எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், மருந்தில் விளையாடுவேனா?

எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்த என் மாமனார் ஆண்டியப்பன், மிஸ் வந்தது வந்தார், என்னுடையதையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தன் கிளினிக் கொப்பியை நீட்டினார். அவர் இருதய நோயாளி. தினமும் காலையில் அவருக்கும் அதே அஸ்பிரின்தான். ஜீவராணி மிஸ் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த மாசம் சீலே இல்லையே ஐயா. கிளினிக் போகலியா?"

"மவன் போயி வாங்கியாந்தான் மிஸ். ஒங்களால க்யூவுல நிக்க முடியாது, நான் பாத்துக்கிறேன்னான்."

மிஸ் மருந்தைக் கேட்டார். மாமா தகரடப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு வெள்ளை மாத்திரைகள் கிடந்தன. மிஸ் என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவுக்கும் விளங்கிவிட்டது. அவர் டப்பாவை அப்படியே என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு பேருமே நிறுத்தக் கூடாது," என்றார் மிஸ். "இருக்கிறத வச்சு இன்னிக்குச் சமாளிங்க. நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க."

பொழுது சாயும் நேரம் நிரோஷன் ஆட்டோவை விட்டுவிட்டு வந்தார். மாமாதான் முதலில் கேட்டார். இவர் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு நோட்டன் பிரிட்ஜ்ல மேட்ச்சுப்பா. கிளினிக்குக்குப் போக முடியல. ரெண்டும் ஒரே மாத்திரதானே, இவளோடதுல கொஞ்சம் எடுத்து ஒங்க டப்பாவுல போட்டேன்."

கிரிக்கெட் என்றால் இவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அது ஊருக்கே தெரியும். ஆனால் என் பிள்ளையும் வேண்டாமா?

"ஒங்க ஆட்டோ நிக்கிறதே பார்மசி வாசல்லதானே?" என்றேன். "ஒரு பீடிக்கட்டு காசுக்கு ஒரு அட்டை வாங்கலாமே!"

"மறந்துட்டேன்."

எடுத்ததைக்கூட விட்டுவிடலாம். அப்பாவுக்காகத்தானே எடுத்தார். ஆனால் மாத்திரை இல்லாமல் மூன்று இரவு நான் படுத்ததையும், எவரையோ திட்டிக்கொண்டிருந்ததையும் பக்கத்திலேயே இருந்து வேடிக்கை பார்த்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாமா அழுதுவிட்டார். "பேரப்புள்ள வாயிலருந்து புடுங்கி எனக்குக் குடுத்திருக்கியேடா," என்றார்.

"நாளைக்கு நீங்களும் வர்றீங்க," என்று நிரோஷனிடம் சொன்னேன். "கேட்டோட நிக்கிற வேலையெல்லாம் வேணாம். உள்ள வரணும்."

எங்கள் ஆம்பிளைகள் கிளினிக் கேட்டைத் தாண்ட மாட்டார்கள். அது ஏதோ பொம்பிளைகளின் விவகாரமாம். மறுநாள் இவர் உள்ளே வந்ததும் பெஞ்சுகளில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவை இருதய கிளினிக் பக்கம் உட்காரவைத்துவிட்டு வந்தோம்.

டாக்டரம்மா கொப்பியைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "மூண்டு இரவு ஏன் மாத்திரை போடேல்லை? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லே?"

வழக்கமாக நாங்கள் இந்த இடத்தில், மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பேச்சு வாங்கிக்கொள்வோம். வீட்டு மானம் காப்பாற்றப்படும். நான் அதைச் செய்வதாக இல்லை.

"அவரக் கேளுங்க டாக்டரம்மா."

நிரோஷன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இவ நல்லாத்தான் டாக்டர் இருந்தா. ஒரு நோவும் இல்ல. அப்பாவுக்குத்தான் நெஞ்சு நோவு."

டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"போன தடவையும் நல்லாத்தான் இருந்தேன். புள்ள செத்த அன்னிக்குக் காலையிலகூட மலைக்குப் போயி பதினாலு கிலோ கொழுந்து எடுத்தேன். அந்திக்குப் புள்ளைய வெள்ளத் துணியில சுத்தி ஒங்க கையிலதானே குடுத்தாங்க. அது எவ்வளவு கனம் இருந்திச்சுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க."

இவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதி, என்னிடம் தராமல் அவரிடம் நீட்டினார்.

"போய் லைனிலை நில்லுங்கோ," என்றார்.