காதடைத்த குதிரை

"என்ன பண்றீங்க?"

மனைவியின் குரல் கேட்டதும் குதிரை வியாபாரி கையை மறைத்துக்கொண்டார். மறைத்து என்ன? அரபுக் குதிரையின் இடது காதுக்குள் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. இன்னொரு துண்டு அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

"ஈத் தொல்லை."

"பக்கத்துல ரெண்டு மட்டக்குதிரை நிக்குது, வண்டிக்குதிரை நிக்குது. ஈக்கு இது காது மட்டும்தான் பிடிச்சுதா?"

"மெல்லப் பேசு. சத்தம்னா மிரளுது. வாங்க வர்றவங்க முன்னாடி கொஞ்ச நேரம் அடங்கி நிக்கணும்ல? எல்லா வியாபாரியும் பண்றதுதான்."

அவர் மனைவி லாயத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாதத்துக்கு முன் இதே குதிரைதான் லாரி ஹாரனுக்கு மிரண்டு, அவர்களுடைய ஒரே மகனை ரோட்டில் தள்ளிக் கொன்றது.

"அன்னிக்கும் அடைச்சிருந்தீங்களா?"

வியாபாரி விரலிடுக்கில் இருந்த பஞ்சை உருட்டினார்.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"முந்தின நாள் ஒருத்தர் பார்க்க வந்தாரு. அவருக்காக உள்ளே தள்ளி அடைச்சேன், எடுக்க மறந்துட்டேன். சாதுவாயிடுச்சேன்னு நம்பி அவன் ரோட்டுக்குக் கொண்டுபோயிட்டான். வழியில பஞ்சு விழுந்திருக்கும் போல."

"ஆனா ஊரெல்லாம் என்ன சொன்னீங்க? ஓட்டத் தெரியாம கடிவாளத்தைச் சுண்டிட்டான்னு! நானும் நம்பினேனே. படத்து முன்னாடி நின்னு, உனக்கு ஏண்டா அந்த அவசரப்புத்தின்னு தினம் தினம் திட்டினேனே!"

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வியாபாரி சட்டென்று இரண்டாவது காதையும் அடைத்துவிட்டுத் திரும்பினார். மாவு மில்காரர் தன் மகளோடு வந்துகொண்டிருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.

"எனக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் மில்காரர். "மாவு நைசா இருக்கா, கொரகொரப்பா இருக்கான்னு கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். இவதான் ஏறிப் பழகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா."

"அப்பா, அந்த உயரமானது!"

"மட்டக்குதிரையைப் பாரும்மா. உன் அளவுக்கு இருக்கு," என்றாள் வியாபாரியின் மனைவி.

"ஐய, அதுல ஏறினா கால் தரையைப் பெருக்கும்!"

மில்காரர் அங்கே சாய்த்திருந்த தகரத்தைக் கம்பால் ஓங்கித் தட்டினார். அரபுக் குதிரை அசையவில்லை.

"அட, பசு தோத்துடும் போங்க!" சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. உங்க பையன் விழுந்தது இதுலேர்ந்துதானா? ஓட்டத் தெரியாம சுண்டிட்டான்னு கேள்விப்பட்டேன்."

மனைவி கணவரின் முகத்தையே பார்த்தாள். இந்த ஒரு ஆளிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள்.

"ஆமாங்க," என்றார் அவர். "குதிரை மேல தப்பே இல்ல."

"பாப்பா, நீ கேட்டுக்கு வெளியே போய் நில்லு."

சிறுமி போகும்வரை மனைவி காத்திருந்தாள். பிறகு இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவி மில்காரர் கையில் வைத்தாள்.

"இப்பத் தட்டுங்க."

தட்டினார். குதிரை பின்னங்காலில் எழும்பிக் கட்டுக்கயிற்றை வெட்டி இழுத்தது. பக்கத்தில் நின்ற வண்டிக்குதிரைகூட அதைப் பார்த்து மிரண்டு ஒதுங்கியது.

"யோவ், நீயெல்லாம் மனுஷனா?" மில்காரர் கத்தினார். "என் பொண்ணை ஏத்தியிருப்பேனேய்யா!" பஞ்சை வீசிவிட்டு வெளியே போய், மகள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென நடந்தார்.

"பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே," என்றார் வியாபாரி.

மனைவி கீழே கிடந்த பஞ்சைக் குனிந்து எடுத்தாள்.

"நான்தான் கொன்னேன்னு என் வாயால எப்படிடி சொல்வேன்?"

"அதைச் சொல்ல வேண்டாம். அவனுக்கு ஓட்டத் தெரியும்னு சொல்லுங்க. அது போதும்."

வியாபாரி கேட்டுக்கு ஓடினார். "ஐயா! என் பையன் நல்லா ஓட்டுவான்! கேக்குதுங்களா? அவன் மேல தப்பு இல்லீங்க!"

"இனிமே நீ சொல்றதை எவன்யா நம்புவான்?" மில்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் தெருவைத் தாண்டிப் போனார்கள். வியாபாரி கேட்டைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "நல்லா ஓட்டுவான்," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.