பின்னால் பேர் இல்லாத வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வண்டியில் ஒரு குறையும் கிடையாது. டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவன் நான், கண்ட கண்ட வண்டியில் எல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தங்கச்சி வேலை செய்கிற கம்பெனி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டால் ஒரகடம் ரோட்டில் போகிற கண்டெய்னர் லாரியின் சத்தம்கூட உள்ளே வராது. குறை எல்லாம் அதைச் செய்த கம்பெனியின் பேரில்தான் இருந்தது.

என் டாக்சியும் அதே கம்பெனி வண்டிதான். எந்த ஸ்டாண்டில் பார்த்தாலும் மஞ்சள் போர்டோடு நிற்குமே, அந்தச் சின்ன வண்டி. எங்களைப் போன்றவர்களுக்கு விற்றே பெரிய ஆளான கம்பெனிக்குத் திடீரென்று பணக்காரனுக்கும் கார் விற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்கென்று தனி லைன் போட்டார்கள், தனி யூனிபார்ம் கொடுத்தார்கள், ‘அல்தேரா’ என்று தனிப் பேரும் வைத்தார்கள். வண்டியில் எந்த மூலையில் தேடினாலும் பழைய பேர் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. எங்கள் தாத்தாவும் ஞானஸ்நானம் வாங்கிப் பேரை மாற்றிக்கொண்டவர்தான். அப்புறமும் ஊரில் அவரைப் பார்த்து ‘நீ எந்தத் தெரு?’ என்றுதான் கேட்டார்கள். கம்பெனிக்காரன் எங்கள் வீட்டில் வந்து விசாரித்திருந்தால் அப்போதே சொல்லியிருப்போம்.

என் தங்கச்சி நிலாவுக்கு அந்த லைனின் கடைசி இடத்தில் வேலை. முழுசாக முடிந்து வருகிற வண்டியின் பின்பக்கம் அட்டை வைத்து அளந்து, அல்தேரா என்கிற ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டுவாள். ஒட்டிய பிறகு பசை பிடிக்கிறவரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா நிற்காமல், அதை வாங்கப் போகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணுவாளாம். “வாங்குறவன் ஏசுவுக்கு ஒரு நன்றி சொல்லுவானா?” என்று நான் கிண்டல் பண்ணுவேன். “நீ மூடு” என்பாள்.

அந்த லைனில்தான் அவளுக்கு இளம்பரிதி பழக்கமானான். சீட் செய்து கொடுக்கிற கம்பெனியில் இன்ஜினியர், மறைமலை நகர்ப் பையன். சீட்டில் ஏதாவது புகார் வந்தால் பார்க்க வருவான். பிறகு புகார் இல்லாத நாளிலும் வந்தான். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது, அதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா போடுகிற கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிடுவான். நிலா அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அவன் அம்மா பெண் கேட்டு வந்தார். “நாங்க எதுவும் கேக்க மாட்டோம். ஆனா எங்க அண்ணன் ஆசீர்வாதம் கொஞ்சம் கௌரவம் பாக்குற ஆளு. வண்டி மட்டும் லக்சுரியா வாங்கிக் குடுத்துடுங்க. கோயில் வாசல்ல நாலு பேரு பாக்கச் சொல்லோ நல்லாருக்கும்” என்றார்.

எங்கள் அப்பா தாவீது சிரித்தார். “இவ்ளோதானா? எம் பொண்ணே லக்சுரி வண்டி செஞ்சினு கீதே! அதையே குடுத்துட்டா போச்சு.”

அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. மற்றவர்கள் கடையில் வாங்கிக் கொடுப்பார்கள், நாம் கையால் செய்து கொடுக்கிறோம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குத் தகுந்தாற்போல் கம்பெனியும் தொழிலாளிகளுக்குச் சலுகை விலையில் அல்தேரா என்று அறிவித்தது. விற்காத பண்டத்தை வீட்டு ஆட்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஷோரூமில் வாசனை அடித்து, காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். வந்தவர்களும் காபியைக் குடித்துவிட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘வண்டி பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். வாங்கிய சிலரும் சர்வீஸுக்கு வந்தால் என் டாக்சிக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதில் ஒருவர் என் மஞ்சள் போர்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ அவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்ததுபோல.

இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர் வடக்குப்பட்டில் எங்களுக்கு மீதியிருந்த ஒரே மனையை விற்று அப்பா அந்த வண்டியை எடுத்தார். எந்த வண்டி வீட்டுக்கு வரப்போகிறது என்பது நிலாவுக்கு முன்னாலேயே தெரியும். அதற்கு எழுத்து ஒட்டிய அன்றைக்கு அவள் கையை எடுக்க நேரமாகிவிட்டது, சூப்பர்வைசர் திட்டினாராம். அதைச் சொல்லும்போதுகூட முகமெல்லாம் சிரிப்பு.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் இளம்பரிதி பைக்கில் வந்தான். அம்மா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. நானும் நிலாவும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான்.

“நிலா, தப்பா எடுத்துக்காத. இந்த எழுத்த மட்டும் எடுத்துட முடியுமா?”

“எந்த எழுத்த?”

“பேர. முன்னாடி இருக்கிற முத்திரையும். மாமா நாளைக்கு வர்றாரு. பேரப் பாத்தாலே, டாக்சி கம்பெனி வண்டிதானேன்னு ஆரம்பிச்சிடுவாரு. பேரு தெரியாம வண்டிய மட்டும் பாத்தாருன்னு வையி, அவருக்குக் கண்டிப்பா புடிச்சிடும். புடிச்சப்புறம் நானே சொல்லிடுறேன்.”

“நீயே சொல்லுவியா?”

“சத்தியமா.”

எனக்குச் சுருக்கென்றது. “இன்னாத்துக்குடா எடுக்கணும்? திருட்டு வண்டியா இது?” என்றேன். நிலா என்னைப் பேச விடவில்லை. உள்ளே போய், தலை காயவைக்கிற மெஷினையும் தூண்டில் நரம்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எழுத்து கோணலாக ஒட்டிவிட்டால் லைனில் அப்படித்தான் பிரிப்பார்கள். சூடு காட்டி, பசை இளகியதும் நரம்பை அடியில் கொடுத்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். முன்பக்க முத்திரையையும் அப்படியே பிரித்து, எல்லாவற்றையும் ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தாள். அப்போது அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் மட்டும், “சூப்பர்! சும்மா ஜெர்மன் வண்டி மாதிரி இருக்கு” என்றான்.

மறுநாள் மாமா ஆசீர்வாதம் வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். சொந்தமாக ஜெர்மன் கார் வைத்திருக்கிறவர்தான். அது ஒர்க் ஷாப்பில் நிற்கிறதாம், ஏதோ பார்ட்ஸ் வர வேண்டுமாம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் போய் என் டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“பெல்ட் போட்டுக்குங்க சார்.”

“இந்த டப்பா வண்டிக்கு இன்னாய்யா பெல்ட்டு?”

வண்டி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. இப்படிப்பட்ட ஆட்களுக்காகவே பெல்ட் மாட்டுகிற ஓட்டையில் சொருகி வைக்க டாக்சிக்காரர்கள் எங்கள் எல்லோரிடமும் ஒரு போலிக் கொக்கி இருக்கும், சத்தம் வராது. என்னிடம் இருந்ததை நிலா எப்போதோ பிடுங்கித் தூர எறிந்துவிட்டாள். பெல்ட் போடாமல் அவளை ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை போக முடியாது, அவ்வளவு கண்டிப்பு. ஆகவே வடக்குப்பட்டு வருகிறவரை அந்தச் சத்தமும் மாமாவின் புலம்பலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே வந்தன. “நச்சுப் புடிச்ச சத்தம்யா, காதுலயே குத்துது” என்றபடி இறங்கினார்.

இறங்கியதும் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாய் பிளந்து நின்றார். சுற்றி வந்தார். கதவைத் திறந்து சாத்தினார். மறுபடி திறந்து சாத்தினார். சீட்டுத் தோலை விரலால் தடவினார்.

“இன்னா வண்டி மாப்ள இது? ஜெர்மனா?”

இளம்பரிதி நிலாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். “மொதல்ல ஓட்டிப் பாருங்க மாமா” என்றான்.

“என் வண்டிகூட இவ்ளோ அம்சமா இல்லடா” என்று சொல்லிக்கொண்டே மாமா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு பூரித்துப்போய் நின்றார். பாஸ்டர்கூட ஜெபப் புத்தகத்தோடு வெளியே வந்துவிட்டார். உள்ளே பூவும் பழமுமாய்த் தட்டுகள் காத்திருந்தன. நிலா பட்டுப்புடவையில் வாசற்படியில் நின்றாள். ஒரு நிமிஷம், நான்கூட, இளம்பரிதி சொன்னது சரிதானோ என்று நினைத்துவிட்டேன்.

மாமா பட்டனை அழுத்தினார். இஞ்சின் ஓடுவது தெரியவே இல்லை. கியரைத் தள்ளி வண்டியை நகர்த்தினார். வழக்கம்போல் பெல்ட் போடவில்லை.

டிங், டிங், டிங் என்று அடித்தது.

அதே சத்தம். பேரை மாற்றி, தோலை மாற்றி, லைனையே மாற்றிய கம்பெனிக்காரன் அந்தச் சத்தத்தை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறான். காசை மிச்சம் பிடிக்க இதுதானா கிடைத்தது, பாவி!

மாமா பிரேக்கை மிதித்தார். என் டாக்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கிப் பின்னால் போய்ப் பேர் இருக்க வேண்டிய இடத்தை உற்றுப் பார்த்தார்.

“டாக்சி கம்பெனி வண்டியா இது? பேர உரிச்சிட்டு என் காதுல பூ சுத்தப் பாத்தீங்களா? யாரு வேல இது?”

நிலா இளம்பரிதியைப் பார்த்தாள். அவன் சொல்லிவிடுவான் என்று நம்பிப் பார்த்தாள். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

“எனக்குத் தெரியாது மாமா” என்றான் இளம்பரிதி. “நேத்து நான் பாக்கச் சொல்லோ பேரு இருந்துச்சு.”

“டேய்!” என்று நான் பாய்ந்தேன். நிலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வேணாண்ணா” என்றாள். பிடி இறுகி, வளையல் என் கையில் அழுந்தியது.

மாமா தாராள மனசுக்காரர் ஆயிற்றே. “நான் பொண்ண கொற சொல்லல. இத வித்துட்டு உருப்படியா ஒரு வண்டி எடுங்க. அப்பால தேதி பாத்துக்கலாம்” என்றார். அப்பா கையைப் பிசைந்தார். “வித்துடறேங்க ஐயா, நாளைக்கே வித்துடறேன்” என்றார். தெருவெல்லாம் பெருமை பேசிய மனுஷன், அதே தெரு பார்க்கக் குனிந்து நின்றார்.

நிலா படி இறங்கி வந்தாள். “விக்க வேணாம்பா” என்றாள். “யம்மா, தட்டெல்லாம் எடுத்து உள்ள வை.” பிறகு இளம்பரிதியிடம் திரும்பி, “நீயே சொல்லுவேன்னு சொன்னியே” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் தன் புது ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மாமாவை நான் கொண்டுபோய் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போனில் வேறு டாக்சி கூப்பிட்டார். வந்ததும் எங்கள் கம்பெனியின் சின்ன வண்டிதான், அதில்தான் ஏறிப் போனார்.

கொஞ்ச நாளில் அல்தேரா லைனையும் மூடிவிட்டார்கள். வரவேற்பு போதவில்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நிலாவைச் சின்ன வண்டி லைனுக்கு மாற்றினார்கள். இப்போது பழைய பேரைத்தான் ஒட்டுகிறாள். கையை அழுத்தி நிற்கும்போது ஜெபம் பண்ணுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் நிற்கிற வண்டியை விற்கப் பார்த்தோம். “அல்தேராவா? நிறுத்திட்டாங்களே, நான் யார் தலையில கட்டுறது?” என்று எந்தப் புரோக்கரும் சீந்தவில்லை. கடைசியில் என் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, இதற்கே மஞ்சள் போர்டு மாட்டினேன். அப்பா அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சவாரி ஏறுகிறவர்கள், “சூப்பர் வண்டிங்க, இன்னா கம்பெனி?” என்று கேட்கிறார்கள். நான் பேர் சொல்வதில்லை. டிபன் டப்பா டேஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. ஒட்டித் தரட்டுமா என்று நிலாவும் கேட்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்கள் என்று அவள் பஸ்ஸில் போவதையே விட்டுவிட்டாள். காலை ஷிப்டுக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். முதல் நாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், பெல்ட்டைத் தொடவில்லை. தெரு தாண்டியதும் டிங் டிங் என்று ஆரம்பித்தது.

“பெல்ட்ட போடும்மா.”

“அடிக்கட்டும்ணா.”

“போலீஸ் புடிப்பான்டி.”

“புடிக்கட்டும். நீ ஓட்டு.”

திரும்பிப் பார்த்தேன். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் அப்பா காதில் விழுமென்று இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அடியில் வந்துகொண்டிருந்தது. நான் ரேடியோவைப் போடவில்லை, மெதுவாக ஓட்டினேன். கேட் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாயங்காலம் வந்துடு” என்று சொல்லி இறங்கிப் போனாள். அவள் எழுந்ததும் சத்தம் நின்றுவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பது உள்ளே கேட்கவே இல்லை, அவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுகிறவரை நான் வண்டியை எடுக்கவில்லை.