முன் சக்கரத்தின் ஊளை

சின்னவளின் பைக்கில் இரண்டு சத்தங்கள் இருந்தன. பிரேக் பிடித்தால் ஒரு கீச். ஓடும்போது ஓர் ஊளை; வேகம் கூடக்கூட அதுவும் கூடும். கிளினிக்குகளிலிருந்து ரத்தக் குப்பிகளை எடுத்துப்போய் லேபில் சேர்ப்பது அவள் வேலை. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. வண்டி போனால் வேலை போகும். வீட்டில் உட்கார்ந்து நாளெல்லாம் மாமாவின் அறிவுரையைக் கேட்க வேண்டும். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

மாமா அம்மாவின் அண்ணன். குடும்பத்தின் நிபுணர். மிக்ஸியிலிருந்து மூட்டுவலிவரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருப்பவர். அவர் கைபட்ட மிக்ஸி எதுவும் மறுபடி ஓடியதில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"என்ஜின் முடிஞ்சுபோச்சு மாப்ளே, வித்துடு" என்றார் அப்பாவிடம். வண்டி அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா தலையாட்டினார். மாமா பேசும்போது அவர் தலை தானாக ஆடும்.

அன்று சாயங்காலமே ஒரு தரகர் வந்துவிட்டார். கீச் சத்தம் அவர் காதில் விழக்கூடாதென்று மாமா ஏற்கெனவே தையல் மெஷின் எண்ணெயை முன் பிரேக் டிஸ்க்கில் தாராளமாக விட்டிருந்தார். கீச் நின்றுவிட்டது. பிரேக்கும் நின்றுவிட்டது. ஓட்டிப் பார்க்கப் போன தரகர், திரும்பி வந்ததும் காம்பவுண்டுச் சுவரில் காலை ஊன்றித்தான் நின்றார்.

"என்னங்க, முன் பிரேக்கே பிடிக்கல?"

"வழவழப்பான வண்டி" என்றார் மாமா.

"சரி, அந்த ஊளை?"

"என்ஜின் கொஞ்சம் வயசாயிடுச்சு, அவ்ளோதான்."

தரகர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் வேண்டாம் என்று எழுதியிருந்தது. சின்னவள் பேசாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தப்பான காரணத்துக்காக ஜெயிப்பது அவளுக்கு ஆகாது.

"என்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நீ உள்ள போம்மா" என்றார் மாமா.

அவள் போகவில்லை. பைக்கைத் தெருச் சரிவின் மேலே தள்ளிக்கொண்டு போய், என்ஜினைப் போடாமலே ஏறி உட்கார்ந்து உருண்டு இறங்கினாள். ஊளை வந்தது.

"என்ஜின் தூங்குது. அப்போ கத்துறது யாரு மாமா?"

இன்னொரு முறை இறங்கினாள். பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தாள், ஊளை மாறவில்லை. மாமா புண்ணியத்தில் எண்ணெயில் குளித்திருந்த முன் பிரேக்கையும் லேசாக அழுத்தினாள். அப்போதும் அதே ஊளை. "பிரேக்குமில்ல." பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினாள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள். டக், டக். பிறகு சுழற்றிவிட்டு, தரகரின் கையை எடுத்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்பக்க ஃபோர்க்கில் வைத்தாள்.

"மணல் அரைக்கிற மாதிரி இருக்கா? வீல் பேரிங்தான் போயிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

தரகரின் முகம் மலர்ந்தது.

"பேரிங்தானா? சின்னச் செலவுதான். அப்ப நானே எடுத்துக்கிறேன். வண்டிய இப்பவே ஏத்திடலாம்."

மாமா அவளை முதல்முறையாகப் பெருமையோடு பார்த்தார். "என் மருமகளாச்சே."

வாயைக் கொடுத்து வண்டியை விற்ற முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று சின்னவளுக்குத் தோன்றியது. அதற்காகப் பேசியதை வாபஸ் வாங்கும் ரகமில்லை அவள். டூல் பெட்டியைத் திறந்தாள். சக்கரத்தின் நடுவில் இருந்த ஆக்ஸில் நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் கம்பியை உருவிக் கீழே வைத்தாள். சக்கரம் மடியில் விழுந்தது.

"என்னம்மா பண்ற?" என்றார் தரகர்.

"பேரிங் மாத்தப் போறேன்."

"நாங்க மாத்திக்கிறோம்மா. நீ சக்கரத்த மாட்டு."

"மாட்டுவேன். மாட்டுனதும் வேலைக்குப் போவேன். அவசரம்னா மிச்சத்தத் தலையில தூக்கிட்டுப் போங்க."

"பெரியவங்க பேச்சுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றார் மாமா.

"மரியாதையெல்லாம் நிறைய இருக்கு மாமா. வண்டிதான் ஒண்ணே ஒண்ணு இருக்கு. அப்புறம், சக்கரம் இல்லாதப்போ பிரேக்கப் பிடிச்சிடாதீங்க."

பிடிக்காதே என்று சொன்ன பிறகு பிடிக்காமலிருக்க அவர் நிபுணராக இல்லாமலிருக்க வேண்டும். பிடித்தார். பிரேக் பேடுகள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன; பிரிக்காமல் சக்கரத்தின் டிஸ்க் இனி நடுவில் நுழையாது. எப்படியும் எண்ணெயில் ஊறிய பேடுகள், மாற்றவேண்டியவைதான்.

பேரிங் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போக, அவள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னால் மாமா அப்பாவிடம், "கூப்பிடு மாப்ளே அவள" என்பது கேட்டது. திரும்பவில்லை. ஒர்க்‌ஷாப் திருப்பத்தில் செருப்புச் சத்தம் துரத்தி வந்தது. அப்பா. மூச்சு வாங்கியது. கையில் அந்த ஆக்ஸில் கம்பி.

"இதக் கீழயே விட்டுட்டு வந்துட்டியே. எத வச்சு மாட்டுவ?"

"மாமா என்ன சொன்னாரு?"

"இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காரு" என்றார் அப்பா. அவர் தலை ஆடவில்லை.