ரிவர்ஸில் இறங்கிய வண்டி

காலையில் சாவியைத் திருப்பி கியரை முன்னால் தள்ளினால் வண்டி உடனே கிளம்பாது. கொஞ்சம் யோசிக்கும். பிறகு யாரோ பிடரியில் அடித்த மாதிரி ஒரு குதி குதித்துப் போகும். மேடு ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், சக்கரம் சோம்பும்.

சலவைக்கூடத்திலிருந்து விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணி மூட்டை ஏற்றிப்போகிற பழைய பிக்கப் அது. மூன்று லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டியிருந்தது. வாங்கியவன் அதை இப்போது ஓட்டுகிறவளின் கணவன். போன வருஷம் இன்னொருத்தியோடு வேறு ஊருக்குக் குடிபோனவன், வண்டியையும் தன் அப்பாவையும் அவளிடமே விட்டுவிட்டுப் போயிருந்தான். கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டி என்பதால் அவள் சீக்கிரம் ஓட்டப் பழகிக்கொண்டாள். மாமனாரோடு இருந்து பழகுவதற்குத்தான் அதைவிட நாள் பிடித்தது.

மெக்கானிக்கை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நட்டைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடிப்பார். அவர் அளவுக் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்த கியர் ஆயிலை எப்பவாவது மாத்தினதா உன் வீட்டுக்காரர் சொல்லியிருக்காரா?"

"அவர் எதைத்தான் சொன்னார்?"

"சிவப்பா இருக்கணும்மா. பாரு, மை மாதிரி இருக்கு. கருகின வாடை வேற." துணியை அவளிடம் நீட்டினார். "மாத்தினாலும் ஆபத்து, மாத்தாட்டியும் ஆபத்து. கியர்பாக்ஸ் உள்ள இருக்கற கிளட்ச் தட்டை, தேய்ஞ்ச தூள்தான் வழுக்காம பிடிச்சிட்டிருக்கு. மொத்தமா கழுவி எடுத்தா அன்னிக்கே படுத்துடும். எண்ணெய் நிக்கற அடித்தட்டை மட்டும் இறக்கு. எவ்வளவு கொட்டுதோ அவ்வளவு புதுசு ஊத்து. கொஞ்ச நாள் பாரம் ஏத்தாம ஓட்டிட்டு, மறுபடி அதே மாதிரி செய்."

"நீங்களே செஞ்சு குடுங்கண்ணே."

"நான் கை வச்சு நின்னுச்சுன்னா என் தலையத்தான் உருட்டுவாங்க. வண்டியத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டு தர்றேன், ஸ்பானர் தர்றேன். செய்யறது நீ."

வீட்டில் மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டி, முழங்கால் தேய்ந்து, இப்போது வாசல் நாற்காலியே கதி என்று இருப்பவர்.

"ஓடற வண்டிய நோண்டாதம்மா. நான் ஓட்டின பஸ்ல இதையெல்லாம் யார் பார்த்தா?"

"உங்களுக்கு டிப்போல ஆள் இருந்தாங்க மாமா. இங்க நான்தான் டிப்போ."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பதே அபூர்வம். மகன் பேச்சை எடுத்தால் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அவர் படுத்திருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன் என்பது நெஞ்சில் முள்ளாகத் தங்கியிருந்தது.

சலவைக்கூடத்துக்கு விடுமுறையான நாளில் வேலையைத் தொடங்கினாள். முற்றத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, துணி ஊறவைக்கும் தொட்டியை அடியில் தள்ளி, மல்லாந்து படுத்தாள். ஒரு மூலையின் போல்ட்டுகளை மட்டும் முதலில் தளர்த்தச் சொல்லியிருந்தார் ஆமை. அப்படியும் எண்ணெய் அவள் முழங்கை வழியாக இறங்கி அக்குள் வரை நனைத்தது. தட்டைக் கழற்றிப் பார்த்தால், அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. விரலால் வழித்தெடுத்துத் துடைத்தாள். புது வடிகட்டியைப் பொருத்தி, தட்டை ஏற்றி, போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கினாள். இனி ஊற்ற வேண்டியதுதான். அளவுக் கம்பியை உருவி, அந்தக் குழாயில் புனலைச் செருகிவிட்டு டப்பாவைத் திறக்கப் போனபோதுதான் லேபிளைப் பார்த்தாள். ஆமை படித்துப் படித்துச் சொல்லியனுப்பிய ரகம் இல்லை. கடைக்காரன் மாற்றிக் கொடுத்திருந்தான்.

தலையில் அடித்துக்கொண்டு கையைக் கழுவினாள்.

"மாமா, கடைக்குப் போயிட்டு வந்துடறேன். வண்டில கியர் ஆயில் இல்ல. யாரும் தொடக்கூடாது."

"சாவி உன்கிட்ட இருக்கு. யார் தொடப்போறா?"

அவள் பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்தில் மகன் வந்தான். மெலிந்திருந்தான். சட்டை புதிது.

"அவ எங்க?"

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டிய எடுத்துட்டுப் போக வந்தேன். ஒருத்தர்கிட்ட பேசி முடிச்சாச்சு. வண்டி என் பேர்லதானப்பா இருக்கு? யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"அவ அதை வச்சுத்தான் எனக்குச் சோறு போடறா."

"வேற ஏதாவது பார்த்துக்குவா. கெட்டிக்காரி." பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தான். தொட்டியில் கிடந்த கறுப்பு எண்ணெயை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பரவாயில்லையே! ஆயில்கூட மாத்தி வச்சிருக்கா. வாங்கறவனுக்குச் சொல்ல ஒரு விஷயம் ஆச்சு."

புனலைப் பிடுங்கி ஓரமாக எறிந்தான். கம்பியைச் செருகி, பானட்டை அறைந்து மூடினான். மாமனாரின் வாய் ஒரு தரம் திறந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், அது அவர் நாக்கில் வந்து நின்றது. பெத்த அப்பன் எப்படி இருக்கிறான் என்று வந்ததிலிருந்து கேட்காதவனை நிமிர்ந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

எண்ணெய் இல்லாத வண்டி அசையாது, அவமானப்பட்டு இறங்கிப் போவான் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அடித்தட்டு காலியானாலும் உள்ளே மிச்சம் இருந்தது. இன்ஜின் உறும, எங்கோ ஒரு ஊளைச் சத்தம் கிளம்ப, வண்டி குதித்து நகர்ந்தது. கேட்டைத் தாண்டியது.

மாமனார் நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். "டேய், நில்லுடா! ஆயில் இல்லடா! நிறுத்துடா!" முழங்கால் மடங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, மகன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சரியான டப்பாக்களோடு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் தொட்டி மட்டும் இருந்தது. மாமனார் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே மாமா."

"நகராதுன்னு நினைச்சேன்."

"உங்களுக்கு அவர் மேல கோபம். சரி. அதைத் தீத்துக்க என் வண்டிதான் கிடைச்சுதா?"

அவர் தலை குனிந்தது. அப்போது அவளுடைய போன் அடித்தது. ஒரு வருஷம் கழித்துக் கேட்கும் கணவனின் குரல், வணக்கம்கூடச் சொல்லாமல் சீறியது. "வண்டிய என்ன பண்ணி வச்ச? பாலத்து ஏத்தத்துல புகையுது!"

டப்பாக்களோடு ஆமையை அழைத்துக்கொண்டு, அவர் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தாள். பாலத்தின் சரிவில் பாதியில் வண்டி நின்றிருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தித் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். வண்டியை வாங்க இருந்தவர் அங்கே வந்து பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு அப்போதே கிளம்பிப்போய்விட்டாராம். ஆமை பானட்டைத் திறந்தார். புது எண்ணெயை ஊற்றினார். இன்ஜினைப் போடச் சொன்னார். கியரை முன்னால் தள்ளியதும் வண்டி சும்மா நின்றது. மறுபடி தள்ளினாள். இன்ஜின் கத்தியது, அவ்வளவுதான்.

"ரிவர்ஸ் போட்டுப் பாரும்மா."

ரிவர்ஸ் பிடித்தது.

அப்படித்தான் அந்த வண்டி பாலத்திலிருந்து இறங்கியது. அவள் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி அங்குலம் அங்குலமாக இறக்கினாள். பின்னால் வரும் வண்டிகளைக் கை காட்டி நிறுத்தியபடி அவளுடைய கணவன் நடந்தான். பல நாளாகச் சேர்ந்து வேலை செய்கிற இருவர் மாதிரி இருந்தது பார்ப்பவர்களுக்கு. அவன் "வா, வா, கொஞ்சம் லெஃப்ட்" என்றான். அவள் லெஃப்டில் ஒடித்தாள்.

கீழே ஓரமாக நிறுத்தியதும் ஆமை பார்த்துவிட்டு, "முன்னால போற கிளட்ச் எரிஞ்சு போச்சு. கியர்பாக்ஸையே மாத்தணும். இந்த வயசுல இதுக்கு அது தண்டம்," என்றார்.

கணவன் சாவியை அவள் கையில் வைத்தான். "நீயே வச்சுக்கோ. எனக்கு வேண்டாம்."

"உங்கப்பா வீட்ல இருக்கார். வந்து பார்த்துட்டுப் போங்க."

"பார்த்துட்டுத்தானே வந்தேன்," என்றான். பஸ் நிற்கும் பக்கமாக நடந்தான்.

சலவைக்கூடத்துக்காரர் மூட்டைகளை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கு உள்ளே இஸ்திரி மெஷினில் நிற்கும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஆவி. வீட்டுக்கு வந்தால் சமைத்து மாமனாருக்குத் தட்டு வைப்பாள், மாத்திரை எடுத்துக்கொடுப்பாள். பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள் அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் எங்கயாவது போயிடட்டுமா?"

"எங்க போவீங்க?"

அவர் சோற்றை விரலால் அளைந்தார்.

"கோபமாத்தான் இருக்கேன் மாமா. போகப் போகக் குறையுமோ என்னமோ. சாப்பிடுங்க."

பழைய இரும்புக்கு வண்டியை உடைக்கிறவர்கள் இழுத்துப்போக வந்த காலையில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. லாரியில் சங்கிலி மாட்டி இழுத்தார்கள். மாமனார் குடை பிடிக்காமல் கேட் வரை நொண்டி நொண்டிப் போய் நின்றார். லாரி தெருமுனை திரும்பியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் கத்தினேன்மா. அவன் காதுல விழல."

"முதல்லயே கத்தியிருக்கணும்," என்றாள் அவள். நனைகிறாரே என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.