லார்ஸ் வாசித்த ஏழாவது வரி

மாலை நேர ஆங்கில வகுப்பின் நிறைவு விழா ஆறு மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தது. ஆறு நாற்பதுக்குத்தான் ஆரம்பித்தது. டென்மார்க்கிலிருந்து வந்து இரண்டு வாரமாகத் திண்டுக்கல்லில் தங்கியிருக்கும் லார்ஸ், எங்கள் ஊரைப் பற்றி வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் வரிவரியாக வாசிக்க, பெற்றோருக்காக நான் தமிழில் சொல்ல வேண்டும். வகுப்பில் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். வகுப்பு நடத்தும் அப்பாஸ் சார் ஏன் என்னை மேடையேற்றினார் என்று இன்னும் விளங்கவில்லை.

முதல் வரிகள் நன்றாகவே போயின. சின்னாளப்பட்டிக்கு வழி கேட்டால் தெரியாது என்று இங்கே ஒருவரும் சொல்வதில்லையாம். நான்கு பேர் நான்கு திசை காட்டுகிறார்களாம். ஐந்தாமவர் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்து, பேருந்தில் ஏற்றி, நடத்துநரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாராம். எல்லாரும் சிரித்தார்கள். உண்மைதானே.

பிறகு, போன வாரம் எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்ட விருந்தைப் பற்றிய வரிகள் வந்தன. தட்டைக் கையால் மறைத்தால் கையின் மேலேயே நெய்ச்சோறு விழுகிறது என்றார். அதையும் சொன்னேன். மூன்றாம் வரிசையில் அம்மாவும் சிரித்தார்.

ஏழாவது வரி இது: "நான் முடிக்கும்வரை அவர்கள் யாரும் சாப்பிடவில்லை. விருந்தாளி பிழைக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள் போலும்."

ஆங்கிலம் புரிந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கைதானே, சொல்லிவிடு என்று சார் மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல அவருக்குப் பதில் சொல்லிக்கிறேன் சார்."

விருந்தாளி எழுந்த பிறகு உட்காருவது எங்கள் வீட்டு வழக்கம் என்று லார்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று அவர் சாப்பிட்டது மூன்று பேர் சோறு, அவர் போனதும் அம்மாவும் நானும் காலையில் மிஞ்சிய இட்லியைச் சாப்பிட்டோம் என்றும் சொன்னேன். போதும் என்றேனே என்றார். மூன்றாவது தட்டுக்குப் பிறகுதான் சொன்னீர்கள் என்றேன். என் ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் வினைச்சொல்லின் காலம் தப்பியிருக்கும். நிறுத்தவில்லை.

அம்மா எழுந்து நின்றார்.

"என்னடி சொன்னாரு ஹுஸ்னா? மறைக்காமச் சொல்லு."

அந்த வரியை அப்படியே சொன்னேன். அம்மா லார்ஸைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"வெசம் வைக்கிறவ எதுக்குடி மூணு தட்டு வைக்கிறா? அரைத் தட்டு பத்தாதா?"

கூடமே அதுவரை இல்லாத அளவுக்குச் சிரித்தது. அதை லார்ஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனார்.

அடிக்க வேண்டாம் என்றேன். அது உங்கள் வரி, இருக்கட்டும். அதன் கீழே என் அம்மா சொன்னதையும் எழுதுங்கள் என்றேன். அவர் குனிந்து எழுதினார். அம்மாவின் பெயரைக் கேட்டார். கமர்ஜஹான் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். நேரமாகிறது என்று சார் கடிகாரத்தைக் காட்டினார். கடைசி எழுத்தை அவர் எழுதி முடிக்கும்வரை எட்டாவது வரிக்குப் போக நான் விடவில்லை.